ஏற்காட்டு மாப்பிள்ளை: ஒரு பொமரேனியன் பெட்டையிடம் குட்டி எடுக்கலாமா என்று பார்த்த நிகழ்வு

பின்னணி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு குடும்பம். கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மாடியில் வீடு. பாட்டி, அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள் என நான்கு பேர். அவர்கள் வளர்க்கும் பெட்டை பொமரேனியன் நாயை எங்கள் கால்நடை கிளினிக்குக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தபோது அதற்கு வயது 14 மாதம். கிரீம் நிறம், எடை 3.1 கிலோ. ஒரு முறை ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்து போயிருந்தது. பெட் ஷாப்பில் வாங்கியது; இந்திய கென்னல் கிளப்பின் (கே.சி.ஐ.) வம்சப் பதிவுப் பேப்பர் எதுவும் கிடையாது.

"அடுத்த ஹீட்டுக்கு ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கிராஸ் போடலாம்னு இருக்கோம் சார். உடம்பு தாங்குமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார் அம்மா. அவருடைய தங்கை நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அங்கே மூன்று வயது ஆண் பொமரேனியன் ஒன்று இருக்கிறது. இவர்கள் வீட்டில் அதற்குப் பெயரே மாப்பிள்ளைதான். வழக்கம்போல ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி, வீட்டுக்கு ஒன்று, மீதி இருந்தால் கேட்டு வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

குட்டி விற்றுப் பணம் பார்க்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு காரணம் இருந்தது. "பொட்டையாப் பொறந்தது ஒரு தடவையாவது பெத்தாத்தானுங்க உடம்பு சுத்தமாகும், இல்லாட்டிக் கர்ப்பப்பையில சீழ் கட்டிக்கும்" என்பது பாட்டியின் கட்சி. அக்கம்பக்கத்தில் ஒரு நாய் அப்படிச் செத்ததை அவர் பார்த்திருக்கிறார். மகளுக்கு வேண்டியது வேறு: "இவ மாதிரியே இன்னொண்ணு." அப்பா அதிகம் பேசவில்லை. பிரசவம் சிக்கலானால் என்ன செலவாகும் என்று மட்டும் கேட்டார். அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் உருப்படியானது.

உடம்பு தாங்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இரண்டு கேள்விகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். தாய் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்குமா என்பது ஒன்று. தாயிடம் இருக்கிற குறைகளில் எது குட்டிகளுக்குப் போய்ச் சேரும் என்பது மற்றொன்று. வீட்டார் கேட்பது எப்போதும் முதல் கேள்வியை. சின்ன இன நாய்களில் முடிவு பெரும்பாலும் இரண்டாவதில்தான் விழுகிறது. இந்த நாய் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. அதனால்தான் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

முதல் நாள் பரிசோதனை

வயதிலேயே ஒரு தடை இருந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். மருத்துவர் பார்த்து ஆரோக்கியமாக இருக்கிறது என்று சான்று தர வேண்டும். 12 மாதத்துக்குள் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் வளர்த்து விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. ஒற்றை நாய் வைத்திருக்கும் வீட்டுக்கும் அதே அளவுகோலையே நான் பிடிக்கிறேன். 14 மாத நாயின் எலும்பு வளர்ச்சி முடிந்திருக்கலாம். ஆனால் அதன் குறைகள் எல்லாம் வெளியே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இதயத்தில் முணுமுணுப்பு இல்லை. உச்சிக்குழி மூடியிருந்தது. கழுத்துப்பட்டையை லேசாக இழுத்தால் ஓரிரு முறை இருமியது. மூச்சுக்குழாய் சரிந்த பொமரேனியனுக்கு வரும் வாத்துக் கத்தல் மாதிரியான இருமல் அல்ல. இருந்தாலும் பட்டையை எடுத்துவிட்டு மார்பு பெல்ட் போடச் சொன்னேன். வாயைத் திறந்தால் மேல் கோரைப்பல் இரண்டு பக்கமும் இரட்டையாக நின்றது. ஏழாம் மாதத்துக்குள் விழுந்திருக்க வேண்டிய பால் பற்கள் விழாமல், நிலையான பற்களின் ஓரமாகவே இருந்தன, இடையில் மயிரும் சோறும் சிக்கியிருந்தது. சின்ன இனங்களில் இது அடிக்கடி காண்பது, பரம்பரையில் தொடர்வது. இதை மட்டும் வைத்துக் குட்டி வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, ஆனால் கணக்கில் எழுதிக்கொள்வேன்.

இன்னொன்றும் அன்றே தெரிந்தது. பெட் ஷாப்பில் சொன்னார்கள் என்று ஒரு மாதமாகக் கால்சியம் டானிக் கொடுத்து வந்திருக்கிறார்கள், குட்டிக்கு எலும்பு பலமாக இருக்கட்டும் என்று. அதை உடனே நிறுத்தச் சொன்னேன். சினைக் காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் சுரப்பி வேலையைக் குறைத்துவிடும். குட்டிகள் பாலை உறிஞ்சும்போது திடீரென்று தேவை கூடும்; சுரப்பி எழுந்துகொள்ளாது. ஈன்ற இரண்டு மூன்று வாரத்தில் தாய் நடுங்கி, விறைத்து, வலிப்பில் விழும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள தாய்களில்தான் இது அதிகம். சினை பிடிப்பதற்கு முன்பே டானிக் ஊற்றத் தொடங்கிய வீட்டில் சினையான பிறகு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக முழங்கால். நிற்க வைத்துப் பார்த்தேன், பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பின்னங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, கட்டை விரலால் சில்லை உள்நோக்கித் தள்ளியபோது வலதில் மெல்ல வழுக்கிப் போய், விரலை எடுத்ததும் தன் இடத்துக்கு வந்தது. இடதில் தள்ளவே தேவைப்படவில்லை. விரல் பட்டதும் மேட்டைத் தாண்டிச் சரிந்தது. காலை மடக்கி நீட்டிய பிறகுதான் டக்கென்று திரும்பியது. நாய் வலியென்று முனகவில்லை, என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

முழங்கால் சில்லு விலகலை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். தள்ளினால் விலகி, விட்டால் தானே திரும்புவது முதல் நிலை. நடக்கும்போதே அவ்வப்போது விலகி, காலை நீட்டினாலோ கையால் தள்ளினாலோ திரும்புவது இரண்டாவது. எப்போதும் விலகியே இருந்து, தள்ளிப் பிடித்தால் மட்டும் திரும்புவது மூன்றாவது. என்ன செய்தாலும் திரும்பாதது நான்காவது. மேசை மேல் நாய் பயந்து தொடையை இறுக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் துவண்டு கிடக்கும். இரண்டிலும் நிலை மாறிக் காட்டும். அன்று வலது முதல் நிலை, இடது முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் என்று எழுதினேன். இடுப்பு எக்ஸ்ரேயும் எடுத்தோம். சின்ன நாய்கள் வளரும் வயதில் தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் குறைந்து சிதையும் நோய் ஒன்று உண்டு, அதுவும் நொண்டலாகத்தான் தெரியும். இடுப்பு இரண்டும் சுத்தமாக இருந்தன.

வீடியோ

எப்போதாவது நொண்டுகிறதா என்று கேட்டதற்கு நான்கு பேரும் இல்லவே இல்லை என்றார்கள். படியில் இறங்கும்போது எப்படி என்று கேட்டேன். மகள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். "அதெல்லாம் டான்ஸ் ஆடிக்கிட்டே இறங்குவா சார்." பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்த வீடியோ அது. மாடிப்படியில் இறங்கும் நாய் நடுவில் இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று படி தாவுகிறது. அடிப்படியில் நின்று அந்தக் காலைப் பின்னுக்கு ஒரு உதறு உதறுகிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நான்கு காலிலும் ஓடுகிறது. மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தால் தாவுகிற இடத்தில் முழங்கால் உள்ளே திரும்பியிருப்பது தெரிந்தது. உதறும்போது சில்லு இடத்துக்குத் திரும்புகிறது. இதே மாதிரி இன்னும் சில வீடியோக்கள் அவளிடம் இருந்தன, ஐந்தாறு மாதத்துக்கு முந்தையவையும் சேர்த்து.

இடது இரண்டாம் நிலை என்று திருத்தி எழுதினேன். வீட்டில் நொண்டலை யாரும் மறைக்கவில்லை. வலியில்லாத நொண்டல் அவர்கள் கண்ணுக்கு நொண்டலாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று முடிவு எதுவும் சொல்லாமல், மாப்பிள்ளையையும் பார்க்க வேண்டும், அதன் தடுப்பூசிப் புத்தகத்தையும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "பொருத்தம் பார்க்கணும்னு சொல்லுங்க" என்றார் பாட்டி.

இரண்டு புத்தகங்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜீப்பில் தங்கை ஆண் நாயோடு இறங்கி வந்தார். அழகான நாய். 3.8 கிலோ, மலைக் குளிரில் வளர்ந்த அடர்ந்த ரோமம், யார் தொட்டாலும் பதறாத சுபாவம். ஏற்காடு கோடை விழாவில் நடக்கும் நாய் கண்காட்சிக்கு ஒரு வருஷம் கொண்டுபோனதாக அவருக்குப் பெருமை. விதைகள் இரண்டும் இறங்கியிருந்தன, பல்வரிசை ஒழுங்கு, இதயம் சரி. வலது முழங்காலில் முதல் நிலை, இடது கெட்டி. எஸ்டேட் கட்டைச் சுவரெல்லாம் தாவி ஏறும் நாய், ஒரு நாளும் காலைத் தூக்கியதில்லை என்றார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. தோற்றத்தை மட்டும் பார்த்தால் யாரும் சரி சொல்லிவிடுவார்கள்.

மேசை மேல் இரண்டு தடுப்பூசிப் புத்தகங்களையும் விரித்து வைத்திருந்தோம். இரண்டிலும் முதல் பக்கத்தில் உரிமையாளர் பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதியிருந்தது. குட்டி கைமாறும்போது எல்லோரும் செய்வதுதான். ஆனால் போன் நம்பரை அடிக்க இருவருமே மறந்திருந்தார்கள். தங்கைதான் முதலில் கவனித்தார். "அக்கா, இது நான் குட்டி வாங்கின வீட்டு நம்பர். உன் புக்கில எப்படி வந்துச்சு?"

அவர் அந்த வீட்டிலிருந்து நேரடியாக வாங்கியவர். அக்கா இரண்டு வருஷம் கழித்துப் பெட் ஷாப் வழியாக வாங்கியவர். குட்டி எங்கிருந்து வந்தது என்று கடையில் யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அங்கேயே அந்த நம்பருக்குப் பேசினோம். எடுத்த அம்மாள் எதையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டுக்கும் தாய் ஒன்று, தகப்பன் வேறு. தாய் இதுவரை மூன்று முறை ஈன்றிருக்கிறது. ஆண் நாய் முதல் ஈற்று, இந்தப் பெட்டை மூன்றாவது. முதல் இரண்டும் தானாக ஆனது. மூன்றாவதில் ஒரு குட்டி வந்ததும் வலி நின்றுபோய், ஆபரேஷன் செய்துதான் மற்றவற்றை எடுத்தார்கள். தாய்க்குக் கால் எப்படி என்று கேட்டபோது, "மாடி ஏறும்போது ஒரு காலைத் தூக்கிக்கிட்டேதான் ஏறும், ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றார். இந்தப் பெட்டையோடு பிறந்த ஒரு குட்டி ஆத்தூர் பக்கம் போனது. அதற்கு ஒரு வயதுக்குள்ளேயே முழங்காலில் ஆபரேஷன் ஆனதாம்.

கையால் தடவிப் பார்த்ததை விட இந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் அதிகம் சொன்னது. சின்ன நாய்களின் சில்லு விலகல் பெரும்பாலும் அடிபட்டு வருவதில்லை, பிறவி அமைப்பில் வருவது. சில்லு ஓடும் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும், கெண்டைக்கால் எலும்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்றவற்றில் மிகச் சகஜம். ஒற்றை மரபணுவால் வருவது என்றால் ரத்தம் எடுத்துச் சோதித்துவிடலாம். இது பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. அதனால் தாய், தகப்பன், கூடப் பிறந்தவை எல்லாவற்றையும் பார்த்துத்தான் கணிக்க முடியும். இங்கே தாய், அதன் வெவ்வேறு ஈற்றுகளில் பிறந்த மூன்று பிள்ளைகள் என நாலு நாய்களிலும் ஏதோ ஒரு அளவில் அதே குறை.

முடிவும் அதற்கான காரணமும்

இந்தப் பெட்டையிடம் குட்டி எடுக்க வேண்டாம், ஏற்காட்டு நாயையும் இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம் என்று சொன்னேன்.

இரண்டையும் சேர்ப்பது எந்த விதத்திலும் ஆகாது. ஒரே தாய்க்குப் பிறந்தவை. அப்படிச் சேர்த்தால் குட்டிகளின் உட்கலப்புக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, குறைந்தது 12.5 சதவீதம். ஏற்கெனவே இரண்டு பக்கமும் இருக்கிற முழங்கால் குறையை இரட்டிப்பாக்கிக் கொடுப்பதுதான் மிச்சம். இதை வீட்டார் உடனே ஏற்றுக்கொண்டார்கள். அண்ணன் தங்கை என்று தெரிந்ததும் பாட்டி வாயில் கை வைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் மரபியல் பேச வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் கடினம். வேறு நல்ல ஆண் நாய் பார்த்தால் என்ன? முழங்கால் இரண்டும் கெட்டியான, சம்பந்தமில்லாத ஆணோடு சேர்த்தால் குறையுள்ள குட்டிகள் குறையலாம். ஆனால் தாய் பக்கத்துப் பங்கு எல்லாக் குட்டிக்கும் போகும். முதல் நிலை மட்டும் இருந்து, குடும்பத்தில் வேறு எதிலும் இல்லை என்றால் 18 மாதம் முடிந்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன்; அதுவே தாராளம். ஒரு வயதிலேயே இரண்டாம் நிலை, கூடப் பிறந்ததற்கு ஆபரேஷன் என்ற பின்னணியில் அந்த இடம் இல்லை.

ஆபரேஷன் செய்து காலைச் சரிப்படுத்திவிட்டுக் குட்டி எடுத்தால்? மகள் கேட்டாள். பள்ளத்தை ஆழமாக்கி, சில்லைப் பிடித்திருக்கும் எலும்பு முனையை நகர்த்திப் பொருத்தினால் இவள் கால் சரியாகும். குட்டிக்குப் போவது இவள் பிறந்தபோது கொண்டுவந்ததுதான். ஆபரேஷன் செய்த நாயைக் காட்டி இது நல்ல கால் என்று குட்டி விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதும் ஆகும்.

தாயின் உயிர் குறித்த கேள்விக்கும் பதில் அவ்வளவு சாதகமாக இல்லை. மூன்று கிலோ பெட்டைக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று குட்டிதான் தங்கும். குட்டி எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக வளரும், வலியும் சரியாகத் தொடங்காது. தாய்க்கு மூன்றாம் ஈற்றில் வலி நின்றுபோனது இவளுக்கும் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் நடுராத்திரியில் சிசேரியன் செய்ய ஆள் வேண்டும். அப்பா கேட்ட செலவுக் கணக்கை அன்று எழுதியே காட்டினேன்: ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை, பாலில்லாத குட்டிக்கு இரண்டு மணிக்கொரு தரம் பால் புகட்ட ஒரு ஆள். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாட்டியின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. பெற்றெடுக்காத, கருத்தடையும் செய்யாத பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உண்மை. ஹீட் முடிந்த இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் வரும், வயது ஏற ஏற அதிகம். ஒரு முறை ஈன்றால் அது வராது என்பதுதான் தவறு. பாட்டி பார்த்த அந்த அக்கம்பக்கத்து நாய் குட்டி போட்டிருந்ததா என்று கேட்டேன். இரண்டு முறை என்றார். சொல்லிவிட்டு அவரே சிறிது நேரம் யோசித்தார். கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிட்டால் சீழ் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது என்று விளக்கினேன்.

மகளின் ஆசைக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. இவள் மாதிரியே ஒன்று பிறக்கும் என்பதற்கு உறுதி கிடையாது, முழங்கால் மட்டும் இவள் மாதிரியே பிறக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமைதான். அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

இடையில் வந்த ஹீட்

குட்டி வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்டார்கள். கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி கேட்டபோது மட்டும் ஆடி போகட்டும், பட்டறையில் ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போனது. அதற்குள் ஹீட் வந்துவிட்டது. ஹீட் நேரத்தில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அவசரம் இல்லாவிட்டால் அப்போது அறுப்பதில்லை. மூன்று வாரம் மாடியிலேயே வைத்திருங்கள், ரத்தம் நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதற்குப் பிறகுதான் ஆண் நாயைச் சேர விடும் நாட்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பட்டறை வாசலில் தெரு நாய்கள் காவல் கிடந்தன. கூலிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து வைத்த ஒரு மாலையில் இது சந்துக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பி வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் போல ஆனதும் பாட்டியிடமிருந்து போன். மடியில் பால் கட்டியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் கொலுசு வைத்துக் கொடுக்கும் பருத்திச் சுருக்குப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் குவித்து, அதன் மேல் படுத்துக்கொண்டு, யார் கை நீட்டினாலும் உறுமுகிறது. வீட்டில் ஒரு பக்கம் கலவரம், ஒரு பக்கம் சந்தோஷம். பாட்டி வெந்நீர்த் துணியால் ஒற்றிப் பாலைப் பீய்ச்சியும் விட்டிருக்கிறார்.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. பொய்ச் சினை. ஹீட் முடிந்தபின் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பெட்டை நாயின் உடம்பில் சினைக்கான சுரப்பு இரண்டு மாதம் ஓடும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் சுரப்பு ஏறும். சில நாய்கள் அப்போது பெற்ற தாய் மாதிரியே நடக்கும். இது நோயல்ல, குட்டிக்கு ஏங்கி வருவதும் அல்ல. பாட்டி இரண்டாவதைத்தான் நம்பினார், இப்போதும் நம்புகிறார் என்றே நினைக்கிறேன். பால் பீய்ச்சுவதை நிறுத்தச் சொன்னேன். பீய்ச்சப் பீய்ச்ச ஊறும். பைகளை அது பார்க்காத நேரத்தில் எடுத்துவிட்டு, காலை மாலை கொஞ்சம் அதிகமாக நடக்க வைத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னேன். மருந்தில்லாமலே மூன்று வாரத்தில் மடி வற்றியது.

பால் இருக்கும்போது கருத்தடை செய்தால் சுரப்பு திடீரென்று மாறி, பொய்ச் சினை நீண்டு போகக்கூடும். அதனால் ஹீட்டிலிருந்து நான்கு மாதம் கழியும்வரை காத்திருந்தோம்.

அறுவையும் பிறகும்

கருத்தடை, விழாத பால் பற்களைப் பிடுங்குவது இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்தோம். மறுநாளே சாப்பிட்டது, பத்தாம் நாள் தையல் பிரித்தோம். இந்தப் பகுதியில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

முழங்காலுக்கு வீட்டில் செய்தது அதிகம். மொசைக் தரையில் அது ஓடும் வழியெல்லாம் ரப்பர் பாய் விரித்தார்கள். மாடிப்படிக்குப் பட்டறை ஆளே ஒரு சின்னக் கம்பிக் கதவு செய்து மாட்டினார். திவானிலிருந்து குதிப்பதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. கருத்தடைக்குப் பின் எடை 3.7 வரை ஏறியது. விசாரித்ததில் பாட்டி மத்தியானம் நெய்ச்சோறு உருட்டிக் கொடுப்பது தெரிந்தது. அதை நிறுத்தி அவித்த கோழிக்கும் பூசணிக்கும் மாற்றிய பிறகு 3.3க்கு வந்தது. அறுவைக்கு ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது இடது இரண்டாம் நிலையிலேயே நிற்கிறது, வலது முதல் நிலை. வலி இல்லை, தொடைச் சதை இளைக்கவில்லை. நிலை ஏறினாலோ காலை ஊன்ற மறுத்தாலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதாகப் பேச்சு.

ஏற்காட்டுத் தங்கை என் பேச்சைக் கேட்கவில்லை. "ஆம்பள நாய்க்கு என்னங்க வந்துச்சு, அது பெக்கவா போகுது" என்றார். நொண்டாத நாயை நொண்டி என்று சொன்னதில் அவருக்கு வருத்தம். சில மாதத்தில் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பெட்டையோடு சேர்த்தார்கள், மூன்று குட்டிகள். அவற்றில் ஒன்று தடுப்பூசிக்கு என் மேசைக்கே வந்தது. எட்டு வாரக் குட்டியின் முழங்காலைப் பார்த்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆண் நாய்க்கு வருஷத்துக்கு இத்தனை ஈற்றுதான் என்ற கணக்கே கிடையாது; பெட்டை வாழ்நாளில் கொடுப்பதை அது ஒரு வருஷத்தில் கொடுத்துவிடும். ஆணைப் பற்றிய என் பேச்சில் அன்று இதைத்தான் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மற்றபடி அவர் மனம் மாறியிருக்குமா என்று தெரியாது.

சேலத்துத் தாய் நாயை வைத்திருந்த அம்மாள் பிறகு ஒருநாள் அதையே கொண்டுவந்தார். இரண்டு காலும் மூன்றாம் நிலை. இனி குட்டி எடுக்கவில்லை என்று அவரே சொல்லி, கருத்தடை செய்துகொண்டு போனார். அவரிடம் முன்பே யாராவது கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

கிளினிக்கில் செய்த மாற்றங்கள்

சின்ன இனக் குட்டி முதன்முறை வரும்போதே எந்த வீட்டில் பிறந்தது என்று கேட்டு, அந்த நம்பரைப் பதிவேட்டில் தனியாக எழுதுகிறோம். புத்தகத்தில் பெயரை அடித்து எழுதும்போது பழைய நம்பரை அழிக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்கிறோம். ஆறு மாத வயதில் ஒருமுறை வரச் சொல்லி, பல்லையும் முழங்காலையும் மட்டும் பார்த்து அனுப்புகிறோம். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வரும்போது படி இறங்குகிற வீடியோ ஒன்று எடுத்து வரச் சொல்கிறோம், பாட்டுப் போடாமல்.

குட்டி எடுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் ஆண், பெண் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை. சரி என்று சொல்வதற்கும் நிபந்தனை உண்டு: 18 மாதம், இரண்டு முழங்காலும் கெட்டி, தாய் தகப்பன் பற்றிக் கேட்டறிந்த விவரம், இரண்டுக்கும் புரூசெல்லா (இணைசேரும்போது பரவி, கருவைக் கலைக்கும் கிருமி) ரத்தப் பரிசோதனை, பிரசவ வாரத்தில் இரவு நேரத்திலும் சிசேரியனுக்குப் போய்ச் சேரக்கூடிய தூரம். மலையில் இருப்பவர்களானால் கடைசி வாரம் கீழே சொந்தக்காரர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில், குட்டி சிக்கிய நாயோடு இறங்குவது ஆகிற காரியமல்ல. வேண்டாம் என்று முடிவானால் அன்றைக்கே கருத்தடைக்குத் தேதி குறித்து, அடுத்த ஹீட் எப்போது வரும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கிறோம்.

எஸ்டேட்டிலிருந்து வந்த அந்தக் குட்டியின் புத்தகத்திலும் தாய், தகப்பன் இருந்த வீடுகளின் நம்பர்கள் இருக்கின்றன. ஆறாம் மாதப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறோம்.